அறிந்து அன்பு செய்வோம்

(வானொலி மறையுரை – படைப்பின் காலம்)



செப்டம்பர் 1 தொடங்கி அசிசி நகர் புனித பிரான்சிசின் திருநாளாகிய அக்டோபர் 4 வரை படைப்பின் காலம். படைத்தவருக்கு நன்றி சொல்லவும், படைப்புக்கு நாம் இழைத்த தீங்குக்காக மனம் வருந்தவும் திரு அவை நம்மை அழைக்கிறது. எனவே ஒரு தவற்றை ஒப்புக்கொண்டே தொடங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மறைக்கல்விப் பிள்ளைகளோடு வால்பாறைக்குச் சுற்றுலா போயிருந்தோம். புதுத்தோட்டம் அருகே சாலையோரத்தில் ஒரு குரங்குக் கூட்டம். கரிய உடல், முகத்தைச் சுற்றி வெளிறிய பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். வண்டியை நிறுத்தி, பிள்ளைகளிடம் வாழைப்பழத்தைக் கொடுத்து எறியச் சொன்னோம். பசித்தோருக்கு உணவளிப்பது இரக்கச் செயல் என்று விளக்கம் வேறு! அங்கே காவலுக்கு நின்ற இளைஞர் ஓடிவந்தார். "ஃபாதர், போடாதீங்க. இந்தப் பழத்துக்காக நாளைக்கும் அது ரோட்டுக்கு வரும். நாளைக்கு வர்ற வண்டி நிக்காது" என்றார். தலைகுனிந்து வண்டியேறினோம்.

அவைதான் சிங்கவால் குரங்குகள். சோலைமந்தி என்றும் சொல்வார்கள். தமிழகம், கேரளம், கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை. எஞ்சியிருப்பவை 4,000-க்கு மேல் இரா என்பது மதிப்பீடு. தாய்க் குரங்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி ஈனும். ஒரு தாய் சாலையில் அடிபட்டால், அந்த இழப்பு எளிதில் ஈடாகாது.

மரத்திலேயே வாழும் உயிர் ஏன் தரைக்கு வந்தது? தேயிலைக்கும் காப்பிக்கும் காட்டை வெட்டினோம். புதுத்தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் காடு 100 ஹெக்டேர் கூட இல்லை. கிளையோடு கிளை சேராத இடத்தில் அது இறங்கித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் நமக்கு எடுத்துச் சொன்னவர்கள் ஆய்வாளர்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் கூட்டத்தின் பின்னே நடந்து, எதைத் தின்றது, எங்கே உறங்கியது, எத்தனை குட்டி பிழைத்தது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைக்கிறார்கள். 1970-களில் நெல்லைச் சீமை மலைகளில் நடந்த இத்தகைய ஆய்வை அடுத்தே, இக்குரங்குக்காக 1976-இல் களக்காடு சரணாலயம் பிறந்தது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பினர், சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாய்களைக் கட்டிப் பாலம் அமைத்தார்கள். குரங்குகள் அதில் ஏறிக் கடக்கின்றன. காட்டு மர நாற்றுகளை வளர்த்து நட்டும் வருகிறார்கள்.

தொடக்கநூலில் ஆண்டவர் விலங்குகளை மனிதனிடம் கொண்டுவருகிறார்; மனிதன் பெயரிடுகிறான். இதை ஆளும் உரிமை என்று மட்டுமே நெடுங்காலம் விளக்கி வந்தோம். ஆனால் பெயரிட வேண்டுமானால் முதலில் நின்று, உற்றுப் பார்க்க வேண்டும் அல்லவா? நல்லாயனும் தம் ஆடுகளை அறிந்திருப்பதால்தான் பெயர் சொல்லி அழைக்கிறார். நாமோ பார்க்காமலே பழத்தை எறிந்தோம்.

"ஏழைகள் எத்தனையோ பேர் இருக்க, குரங்குக்கு மறையுரையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஏழைக்கும் நாம் அப்படித்தானே கொடுக்கிறோம்? கோயில் வாசலில் கை நீட்டும் பாட்டிக்கு ஞாயிறுதோறும் காசு போடுகிறோம். அவர் பெயர் நமக்குத் தெரியுமா? அவர் ஏன் அங்கே வந்தார் என்று கேட்டிருக்கிறோமா? எறிவது எளிது, பாலம் கட்டுவதுதான் கடினம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. நம்மால் ஓர் உயிரினம் அழிந்தால், அது தன் இருப்பால் இறைவனைப் புகழ்வது நின்றுபோகிறது. அதை நிறுத்த நமக்கு உரிமை இல்லை என்றும் எச்சரிக்கிறது.

மலைக்குப் போகும்போது தீனி போடாதிருப்போம், குப்பை எறியாதிருப்போம், வண்டியை மெதுவாக ஓட்டுவோம். இந்த வாரம், நாம் உதவும் ஒருவரின் பெயரையாவது கேட்டு அறிவோம்.

படைப்பின் ஆண்டவரே, எறிந்துவிட்டு நகரும் எங்களை, நின்று பார்க்கக் கற்பித்தருளும். ஆமென்.