காட்டோரத்துக் கல்விச்சாலை

(மதுக்கரை வட்டார வளர்ச்சி அதிகாரி, ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாழைத் தோட்டத்தில் யானை புகுந்தால் ஓராண்டு உழைப்பு ஒரே இரவில் அழிகிறது. விரட்டச் சென்றவர் உயிருடன் திரும்புவதும் நிச்சயமில்லை. காட்டோரக் கிராமத்தாராகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும், அவ்விலங்கைப் பற்றி நாம் அறிந்தது எவ்வளவு என்பதைச் சிறிது யோசிப்போம்.

நம் மாவட்டத்து ஆனைகட்டியில், 1990இல் தோன்றிய சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் உள்ளது. பறவை ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்த சலீம் அலி (1896–1987) அவர்களின் பெயர் தாங்கியது. இன்று இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் தென்னிந்திய மையமாக விளங்குகிறது. உயிரினங்களை அவை வாழும் இடத்திலேயே ஆராய்வதோடு, கண்டறிந்ததை மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் எடுத்துரைப்பதும் அதன் பணியாகும்.

இதனால் உழவருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் கூறுவோம். கூகை அலறினால் வீட்டுக்குத் தீங்கு என்று இளமையில் நாமும் நம்பியதுண்டு. ஆனால் கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடுகிறது. அவ்வுருண்டையைப் பிரித்து, எலியின் மண்டை ஓடுகளைத் தானே எண்ணிப் பார்த்த சிறுவன், பிறகு கூகைமேல் கல்லெறிய மாட்டான். அவன் தந்தையும் வயலில் குறுக்குக் கட்டை பொருத்திய கழிகளை நட்டு, கூகை அமர்ந்து எலி பிடிக்க இடந்தருவார்.

யானையின் விஷயமும் அவ்வாறே. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். மூத்த பெண் யானையே கூட்டத்தை நடத்துகிறது. வழிகளும் நீர்நிலைகளும் அதன் நினைவில் உள்ளன. வழியை அடைத்தால் அது வேறு வழி தேடித் தோட்டத்தில் இறங்கக்கூடும். குட்டியுடன் நிற்கும் கூட்டத்தை நெருங்கி வெடி போடுவது ஆபத்தை வலிய அழைப்பதாகும். மதுக்கரையில் யானைகள் ரயிலில் அடிபடாதிருக்க, 2024இல் 12 கோபுரங்களில் கேமராக்கள் அமைத்து, முன்னெச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. யந்திரம் ரயில் பாதையைக் காக்கும். தோட்டத்தில் நிற்பவரைக் காக்க அவரது அறிவே துணை.

ஆகவே, ஒவ்வோர் ஊராட்சியும் முன் அனுமதி பெற்று, ஆண்டுக்கொரு முறையேனும் பள்ளிப் பிள்ளைகளை ஆனைகட்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டுகிறோம். விவசாயிகளும் தாய்மாரும் உடன் செல்லட்டும். கண்டு வந்ததைக் கிராம சபையில் கூறட்டும். ஆராய்ச்சியாளருக்கு நீங்கள் கூற வேண்டியதும் உண்டு. எந்த மாதத்தில், எந்தப் பள்ளத்தின் வழியாக யானை இறங்குகிறது என்பதை உங்களைவிட நன்கறிந்தவர் யார்? கேட்கவும் சொல்லவும் தயங்காமல் செல்லுங்கள்.