ஒரே மானிட்டர், ஊருக்கு ஒரு விலையா?



"24 அங்குல மானிட்டர் தாம்பரத்துல ஒரு விலை, ரிச்சி தெருவுல ஒரு விலை, ஆன்லைன்ல வேற விலை. எதைத்தான் வாங்குறது?" கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கிற பல வீடுகளில் இந்தக் கேள்வி வரும். கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

முதலில் வரி. வாட் காலத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறலாம். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின், இதே ஈ.சி.ஆர். சாலையில் புதுச்சேரி போய் வாங்கினாலும் ஒரே வரிதான். 2019 ஜனவரியிலிருந்து 32 அங்குலம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 28 சதவீதம் என்றிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைக்கும் 18 சதவீதம்தான். ஆகவே, "இந்த ஊர்ல டாக்ஸ் ஜாஸ்தி சார்" என்றால் நம்பாதீங்க. மாறுவது கடையின் லாபமும் தள்ளுபடியும் போக்குவரத்துச் செலவும்தான்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் விலை குறைவாகத் தெரியலாம். அங்கே விலைச்சீட்டில் பெரும்பாலும் வரி சேராது. பில் போடும்போது மாநிலத்துக்கு ஏற்பக் கூடும். நம்ம எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் கேட்பது சட்டப்படி தவறு.

அடுத்தது அளவு. அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை குறுக்களவு. பழைய சதுர வடிவ 19 அங்குலத் திரையின் உயரம் சுமார் 30 செ.மீ. இப்போதைய அகலத் திரை 18.5 அங்குலம் என்றால் உயரம் 23 செ.மீ.தான். அரை அங்குலம்தானே குறைவு என்று வாங்கினால், 7 செ.மீ. உயரம் போயிடும்! கடையில் டேப் வைத்து அளந்து பாருங்க.

கடைசியாக, "பில் வேணாம்னா கொஞ்சம் குறைச்சுத் தரேன்" என்ற பேச்சு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்பதும் புகார் கொடுப்பதும் கஷ்டம். சீரியல் எண்ணோடு பில் கேளுங்க. பின்பக்கம் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அது உண்மையா என்று பார்க்கலாம்.

பிரச்சினை வந்தால் 1915-க்கு அழையுங்க. தீரவில்லையா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, எங்கே வாங்கினாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவளத்துக்காரர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலேயே மனு கொடுக்கலாம்.

பில் எழுத்து நாளடைவில் வெளுத்துடும். வாங்கின அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து வைங்க.