ரிவர்ஸ் எடுக்கப் பழகுவோம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் இப்போது சிலர் கார் ஓட்டப் பழகுகிறீர்கள். காலேஜ் பிள்ளைகளும் உண்டு, பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. லைசென்ஸ் டெஸ்ட் என்றதும் எட்டு போடுவதைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-ஆவது விதி, வண்டியைப் பின்னால் ஓட்டி, வலமோ இடமோ உள்ள குறுகிய இடத்துக்குள் கட்டுப்பாட்டோடு நுழைக்கவும் தெரிய வேண்டும் என்கிறது. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாளாவது கழிந்த பிறகுதான் டெஸ்ட். அந்த நாட்களில் ரிவர்ஸையும் பழகிக்கொள்ளுங்கள்.

"அந்தக் கம்பம் கண்ணாடியில் தெரிந்ததும் ஸ்டீயரிங்கை முழுசா ஒடி" என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருவார்கள். அந்த மைதானத்துக்கு, அந்த வண்டிக்கு அது சரி. நம் பார்க்கிங்கில் தூண் வேறு இடத்தில், வண்டியும் வேறு. கணக்கு புரிந்தால் எங்கும் எடுக்கலாம். வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை ஒடியுங்கள். அப்போது முன்பக்கம் எதிர்ப்புறம் வீசும். பக்கத்து வண்டியை உரசுவது பெரும்பாலும் அங்கேதான். பாதி கிளட்சில், நடை வேகத்துக்கும் குறைவாக வாருங்கள். சந்தேகம் வந்தால் நிறுத்தி, முன்னால் எடுத்து, மறுபடி வாருங்கள்.

முன்பக்கமாகவே நுழைத்து நிறுத்தினால் ஆகாதா என்று கேட்கலாம். காலையை நினைத்துப் பாருங்கள். ஸ்கூல் வேனுக்குப் பிள்ளைகள் தூண்களுக்கு நடுவே ஓடும் நேரத்தில், அந்த வண்டி பின்னால்தான் வெளியே வர வேண்டும். இரு பக்கமும் வண்டிகள் மறைக்கும். ரிவர்ஸில் நிறுத்தினாலோ, காலி இடத்தைப் பார்த்துவிட்டு நுழைகிறோம். காலையில் எதிரே பார்த்தபடி வெளியே வருகிறோம்.

புகை ஜன்னலுக்குள் வருகிறது என்று தரைத்தளத்துக்காரர்கள் சொல்வது நியாயம். ஜன்னலை ஒட்டிய இடங்களில் மட்டும் முன்பக்கமாக நிறுத்துவோம். எடுக்கும்போது ஒருவர், டிரைவர் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நின்று வழி சொல்லட்டும்.

2019 ஜூலை முதல் தயாராகும் புதுக் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அது உதவிதான். திடீரென ஓடிவரும் குழந்தையைப் பார்க்க நம் கண்தான் வேண்டும்.

மூன்று வேண்டுகோள். பழகுகிறவர்கள் ஞாயிறு அதிகாலையில் விருந்தினர் பார்க்கிங்கில் பழகுங்கள். முன்னும் பின்னும் 'எல்' போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் அவசியம். பௌர்ணமி, தீபம் நாட்களில் கிரிவலத்துக்கு வரும் உறவினர் வண்டிகளால் உள்பாதை நிரம்பிவிடும், அன்று வேண்டாம். பெற்றோர்கள் இன்றைக்கே பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள்: காரின் பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தால் வண்டி பின்னால் வரப்போகிறது, அங்கேயே நில்.