நோயின் முதல் பத்தி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பள்ளியைப் பற்றியும், பட்டம் பெற்றவர்களைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்று சற்று வேறுபட்டது. மருத்துவக் குறிப்பு நூல்களில் ஒவ்வொரு நோயின் தலைப்பின் கீழும் முதலில் ஒரு பத்தி இருக்கும். அந்நோய் இன்னது, இதனால் வருவது, இவ்வாறு தெரிவது, இவ்வாறு தீர்வது என்று முழு நோயையும் ஒரே பார்வையில் காட்டுவது அது. பின்னர் வரும் பக்கங்கள் மருத்துவருக்கு உரியவை; முதல் பத்தியோ எல்லோருக்கும் உரியது. அந்த முதல் பத்தியைத் தெளிந்த தமிழில் எழுதுவது எப்படி, அதனை நம் பிள்ளைகள் ஏன் எழுத வேண்டும் என்பனவே இன்றைய நம் பேச்சு.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீண்டுகிடக்கும் இப்பகுதியில் மூட்டை சுமந்தவர்களும், ஆலையில் உழைத்தவர்களும், கழிவுநீர்க் குழாய்களைக் காத்தவர்களும் நம்மிடையே பல்லாயிரவர். இவர்கள் நோயுற்றால் பெரிய மருத்துவமனைக்குச் செல்கிறார்கள். அங்கே கூட்டம் மிகுதி. மருத்துவர் ஒருவருக்கு ஒதுக்கக்கூடிய நேரமோ சில நிமிடம். கையில் வரும் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டிற்கு வந்தபின் அதைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் நீட்டுகிறார்கள். பிள்ளைக்கு எழுத்துத் தெரிகிறது, பொருள் தெரியவில்லை. அந்த இடைவெளியிலேதான் வதந்தியும், போலி மருத்துவமும், அச்சமும் நுழைகின்றன. அந்த இடைவெளியை அடைக்கும் கல் ஒரு நல்ல பத்தியாகும்.

இது தமிழில் இயலுமா என்று ஐயுறுவோர் உண்டு. அவர்களுக்கு வரலாறு விடை கூறும். அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். 1860-களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம், வேதியியல் ஆகிய துறைகளில் அவரும் அவருடைய மாணாக்கரும் தமிழ் நூல்களை ஆக்கினர். நோய்களையும் அவற்றின் மருத்துவத்தையும் கூறும் 'வைத்தியாகரம்' அவ்வரிசையில் ஒன்று. கலைச்சொல் அகராதிகள் கைக்கெட்டாத காலத்தில் அவர்கள் சொல்லையும் படைத்து நூலையும் படைத்தார்கள்.

நம் முன்னோரிடத்தும் இதற்குச் சான்று உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். அவரே 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார ஏட்டைத் தொடங்கி, 1914-இல் மறையும் வரை நடத்தியவர். நாடி பார்த்த கையும் ஏடு எழுதிய கையும் ஒன்றே. குறைந்த விலையில் அறிவைத் தெருவுக்குக் கொண்டுவந்த அந்த மரபின் பேரப்பிள்ளைகள் நாம் என்பதை இளைஞர்கள் மறத்தல் ஆகாது.

விடுதலைக்குப் பின் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. முதல் தொகுதி 1954-இல் வந்தது. பத்தாம் தொகுதி 1968-இல் வந்தது. உலகத்துப் பொருள்களையெல்லாம் அகர வரிசையில் சுருக்கி எழுதத் தமிழுக்கு ஆற்றல் உண்டு என்பதை அது மெய்ப்பித்தது. ஓர் அதிகாரத்தைப் பத்துக் குறட்பாவில் முடித்த மொழிக்குச் சுருக்கம் புதிதும் அன்று. ஆகவே குறை மொழியில் இல்லை. எழுதுகின்றவர் யாரை எதிரே வைத்து எழுதுகிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இதற்குக் காசநோயை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததாக 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். அதன் பின்னரும் நெடுங்காலம் இதற்குச் சொல்லப்பட்ட வழி என்ன? சானடோரியத்தில் தங்க வேண்டும்; நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு வேண்டும் என்பதே. ஓர் அறைக் குடிசையில் எட்டுப் பேர் வாழும் குடும்பத்திற்கு இந்த வாசகம் மருத்துவமாகப் படுமா? தூக்குத் தண்டனையாகவே படும். காற்றும் இல்லை, உணவும் இல்லை, ஓய்வெடுத்தால் கூலியும் இல்லை.

இந்த வாசகத்தை மாற்றிய ஆய்வு நம் சென்னையிலேயே நடந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நகரத்து ஏழை நோயாளிகளுள் ஒரு சாராருக்கு வீட்டிலும், மறு சாராருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான வீட்டில், எளிய உணவோடு மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணம் பெற்றனர். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் தனிப்பட்ட இடர் மிகவில்லை. ஏழையின் குடிசையும் மருத்துவமனை ஆகலாம் என்பதைச் சென்னை உலகிற்குக் காட்டியது. உலக நாடுகள் தங்கள் முறையை மாற்றிக்கொண்டன. அந்த மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

ஆனால் வீடுகளில் என்ன நிலை? இன்றும் அது பரம்பரை நோய், சாப நோய், சொல்லக்கூடாத நோய் என்றே முணுமுணுக்கிறார்கள். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று மறைக்கிறார்கள். ஆய்வின் முடிவு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அதைச் சொல்லும் பத்தி இன்னும் நம் திண்ணைக்கு வந்து சேரவில்லை. இருமல் வழியாகக் காற்றில் பரவுவது, பிறப்பால் வருவதன்று. இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியன அறிகுறிகள். சளிச் சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். பெரும்பாலோர்க்கு ஆறு மாத மருந்து, இடையில் நிறுத்தலாகாது. இவ்வளவே செய்தி. இதை அறியாமல் நாம் இழந்த உயிர்கள் எத்தனை!

இனி, எழுதும் முறைக்கு வருவோம். எலிக்காய்ச்சலைக் கொள்வோம். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் இறங்கி வேலை செய்யும் நம் மக்களுக்கு இது அயலான நோய் அன்று. இதனை ஒருவர், "லெப்டோஸ்பைரா பேரினத்தைச் சார்ந்த சுருளுயிரிகளால் விளையும் விலங்குவழித் தொற்று" என்று தொடங்கலாம். பிழை ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. அதையே இவ்வாறு எழுதிப் பாருங்கள்:

"எலிக்காய்ச்சல், எலி முதலிய விலங்குகளின் சிறுநீரில் வெளிவரும் ஒரு கிருமியால் மனிதருக்கு வருவது. அச்சிறுநீர் கலந்த மழைநீரிலோ சேற்றிலோ இறங்கும்போது, தோலில் உள்ள கீறல் வழியாகவும், கண், மூக்கு, வாய் வழியாகவும் கிருமி உடலுக்குள் புகும். திடீர்க் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியன அறிகுறிகள். பலர் எளிதில் குணமடைவர். சிலருக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் பழுதுபடும். தேங்கிய நீரில் இறங்கி ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் கண்டால், நீரில் இறங்கியதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு முட்டினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கொடுத்தால் நன்கு வேலை செய்யும் மருந்துகள் இதற்கு உண்டு."

இதில் எட்டே வாக்கியங்கள். நோய் என்ன, எப்படி வரும், எப்படித் தெரியும், எவ்வளவு கொடியது, மருத்துவரிடம் என்ன சொல்வது, எப்போது விரைவது, தீருமா என்னும் ஏழு வினாக்களுக்கும் விடை இருக்கிறது. நோயாளியின் மனத்தில் எழும் வரிசையிலேயே அவ்விடைகள் அமைந்துள்ளன. மருந்தின் பெயரும் அளவும் இதில் இடம்பெறவில்லை. அவற்றை முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. சீட்டைப் பார்த்துக் கடையில் வாங்கி விழுங்கும் பழக்கத்திற்கு நம் பத்தி துணைபோகக் கூடாது.

சொல்லைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். நீரிழிவு என்பது நல்ல தமிழ். நம் தாய்மார்களுக்கு அது 'சுகர்'. மிகை இரத்த அழுத்தம் அவர்களுக்குப் 'பிரஷர்'. மூச்சிரைப்பு அவர்களுக்கு 'வீசிங்'. தூய சொல்லை எழுதி, மக்கள் சொல்லையும் முதல் வரியிலேயே பக்கத்தில் வைக்க வேண்டும். தம் நோயின் பெயரைத் தாம் அறிந்த வடிவில் கண்டால்தான் படிப்பவர் அடுத்த வரிக்கு வருவார்.

சில நோய்களில் எது முதல் வாக்கியம் என்பதே உயிர்ப் பிரச்சினை. கழிவுநீர்த் தொட்டியில் உண்டாகும் நச்சுவாயுக்களுள் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. சிறிதளவில் அது அழுகிய முட்டை போல நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் நுகரும் ஆற்றலையே அழித்துவிடும். நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று எண்ணியவர் மடிகிறார். அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் மடிகிறார். மனிதரைக் கொண்டு மலக்கழிவு அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்தும் இக்கொடுமை ஓயவில்லை. ஆகவே இதைப் பற்றிய பத்தி வாயுவின் வேதியியலில் தொடங்கலாகாது. "உள்ளே விழுந்தவரை மீட்க எவரும் இறங்க வேண்டா, 101-க்கும் 108-க்கும் உடனே சொல்லுங்கள்" என்றே தொடங்க வேண்டும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்ததை நாடறியும். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல், ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடு, எரியும் கண்ணை நிறைய நீரால் கழுவு என்னும் மூன்று வரி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் முன்பே இருந்திருக்குமாயின் எவ்வளவு நன்மை!

அடுத்து ஒன்று. நோய்க்குக் காரணம் கூறும்போது தொழிலை விடலாகாது. இத்தாலிய மருத்துவர் இராமசினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நீதிமன்ற ஆணையால் 2011-இல் நிறுத்தப்படும் வரை, இராயபுரத்தில் வீட்டுக் கொடியில் உலர்ந்த வெள்ளைத் துணி வெள்ளையாக இருந்ததில்லை. அந்தத் தூசி நுரையீரலுக்கும் சென்றிருக்கும் அல்லவா? நாட்பட்ட மூச்சு நோயைப் பற்றி எழுதுகிறவர் பீடியையும் சிகரெட்டையும் மட்டும் சொல்லி நிறுத்தினால், அது பாதி உண்மை. வேலையிடத்துத் தூசியும் புகையும் காரணம் என்பதும் மருத்துவ உண்மையே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே தொழில் நோய்களுக்கு ஒரு பட்டியலைக் கொண்டிருந்தது. தம் நோய் தொழிலால் வந்தது என்று அறியாதவர் எந்த உரிமையைக் கேட்பார்?

அவ்வாறே, பத்தி எவரையும் இழிவு செய்யலாகாது. 2020 மே மாதத்தில் கொரோனாத் தொற்று எண்ணிக்கையில் மாநகராட்சி மண்டலங்களுள் இராயபுரம் முதலிடத்தில் இருந்தது. வடசென்னை மக்கள் ஒழுங்கற்றவர்கள் என்ற பேச்சு அப்போது எளிதாக எழுந்தது. ஒட்டி நிற்கும் வீடுகளும், பொதுக் குழாயும், பொதுக் கழிப்பிடமும், நாள்தோறும் வேலைக்குப் போயாக வேண்டிய வாழ்வும் அப்பேச்சில் இடம்பெறவில்லை. "சுகாதாரமற்ற மக்களிடையே காணப்படுவது" என்று எழுதும் பேனா, நோயை விட்டுவிட்டு மனிதரைக் குற்றவாளி ஆக்குகிறது. "தூய நீரும் கழிவுநீர் வசதியும் இல்லாத இடங்களில் மிகுதி" என்று எழுதினால் உண்மையும் நிற்கும், மானமும் நிற்கும். தீண்டாமையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த நமக்கு இவ்விரு வாக்கியங்களின் வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் இப்பணி நம் பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும் என்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியபோது, கற்றவர் தாம் பெற்றதைத் தம் மக்களுக்குத் திருப்பித் தருவார் என்னும் நம்பிக்கை அதன் அடித்தளமாக இருந்தது. இன்று நம் சங்கத்தின் உதவியால் படித்தவர்களுள் செவிலியர் உள்ளனர். ஆய்வுக்கூடப் பணியாளர் உள்ளனர். மருத்துவம் பயிலும் மாணவரும் உள்ளனர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஆளுக்கொரு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்திற்கு மிகாமல் எழுதுங்கள். தகுதி பெற்ற மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். பின்னர், எழுத்தறியாத ஒரு பாட்டியிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று திருப்பிக் கேளுங்கள். அவர் தடுமாறிய இடத்தில் எழுதியவர் திருந்த வேண்டும், பாட்டி அல்லர். அடியில் எழுதிய தேதியைக் குறியுங்கள். மருத்துவம் மாறும்போது பக்கமும் மாற வேண்டும். சானடோரியத்தின் கதை நமக்குக் கற்பித்த பாடம் அது.

அப்பக்கங்களை அகர வரிசையில் கோத்து நம் படிப்பகத்தில் வைப்போம். பூட்டிய பீரோவில் அன்று. கைபட்டுக் கசங்கும் இடத்தில், வாசலருகில் வைப்போம். ஆண்டுக்குப் பத்து நோய் எழுதினால், பொன்விழா நாளில் நம்மிடம் இருநூற்றைம்பது நோய்களின் நூல் ஒன்று இருக்கும். அதை எழுதியவர்கள் இம்மக்களின் பிள்ளைகள் என்பதே அதன் முகவுரையாக அமையும்.