பேர் தெரியாமல் மருந்து ஏது?



'நோய் தீரப் பெரிதும் காரணம் மருந்தா, நோயறிதலா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார், "மாத்திரையை முழுங்கினாத்தான் நோய் போகும், நோயோட பேரை முழுங்கினாப் போகுமா?"ன்னு கேட்டுக் கைதட்டல் வாங்கிட்டுப் போயிருக்காங்க. நல்ல கேள்விதான். நான் திருப்பிக் கேட்கிறேன்: எந்த மாத்திரையை அம்மா முழுங்குவது? அதை யார் சொல்வது?

டயக்னோசிஸ் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். பிரித்து அறிதல் என்பது அதன் வேர்ப்பொருள். எதிலிருந்து எதைப் பிரிப்பது? காய்ச்சல் என்பது நோய் அல்ல ஐயா, அது அறிகுறி. மலேரியாவுக்கும் காய்ச்சல், டைபாய்டுக்கும் காய்ச்சல், டெங்குவுக்கும் காய்ச்சல். மூணு பேரும் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றான். சட்டையைப் பார்த்து ஏமாறாமல் ஆளை அடையாளம் காண்பதற்குப் பேர்தான் நோயறிதல். உடம்பு வலிக்குதேன்னு ஆஸ்பிரின் வாங்கிப் போடுகிறோம். வந்திருப்பது டெங்குவாக இருந்தால், அதே ஆஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். மருந்து நல்ல மருந்துதான். போன வீடுதான் தப்பு!

'மருந்து' என்றே ஓர் அதிகாரம் வைத்தவர் வள்ளுவர். அதிலே 948ஆம் குறளில் அவர் வைத்த வரிசை என்ன? முதலில் நோய், அடுத்து அதன் காரணம், அதற்குப் பிறகுதான் தணிக்கும் வழி. நம் சித்த வைத்தியரும் நாடி, தொடுகை, நாக்கு, நிறம், குரல், விழி, மலம், சிறுநீர் என்று எட்டையும் சோதித்த பிறகே மருந்துப் பெட்டியைத் திறந்தார்.

நடுவர் அவர்களே, வயிற்றுப் புண் கதை ஒன்று போதும் எங்கள் அணிக்கு. 'கவலைப்படாதே, காரம் தின்னாதே, பால் குடி' என்றுதான் உலகமே பல காலம் சொல்லிக்கொண்டிருந்தது. இரைப்பையிலே பாதியை வெட்டி எடுத்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலே ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள், 'இதற்கு ஒரு கிருமி காரணம்' என்றார்கள். நம்ப ஆளில்லை. 1984இல் மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கிருமியைத் தானே குடித்தார்! சில நாளில் வாந்தி, இரைப்பையிலே அழற்சி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. வலிநிவாரணி மாத்திரைகளாலும் வயிற்றுப் புண் வரும் என்பது வேறு. ஆனால் கிருமியால் வந்த புண்ணுக்கு உதவும் மருந்துகள் ஏற்கெனவே கடையிலே இருந்தன ஐயா! இல்லாமல் இருந்தது மருந்து அல்ல, நோயறிதல்! (கைதட்டல்)

"டாக்டர்கிட்டே போனா டெஸ்டு டெஸ்டுன்னு எழுதுறாரே" என்பீர்கள். தேவையில்லாத சோதனை நோயறிதல் ஆகாது; அதை நானும் கண்டிக்கிறேன். நோயறிதல் தொடங்குவது இயந்திரத்தில் அல்ல, கேட்கும் காதில். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? போனவுடனே ஊசி போட்டால் கைராசிக்காரர் என்கிறோம். "இன்னும் தெரியலைம்மா, பார்த்துச் சொல்றேன்" என்று உண்மை பேசினால், ஒண்ணும் தெரியாதவர் என்று எழுந்து வந்துவிடுகிறோம்!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நடுராத்திரியிலே நெஞ்சு அடைக்கும், தாடை வலிக்கும், வியர்த்துக் கொட்டும். "வாயுதாங்க, சோடா குடிச்சாச் சரியாயிடும்" என்போம். யார் தீர்மானித்தது, வாயு என்று? பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல்கூட மாரடைப்பு வருவதுண்டு. அந்த நேரத்தில் ஒரு தப்பான பேர், ஓர் உயிரின் விலை. சோடாப் புட்டியைத் தேடும் நேரத்திலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பூட்டு எதுவென்று காட்டுவது நோயறிதல், திறப்பது மருந்து. சாவி ஆயிரம் கொத்தாக இருந்தும், பூட்டைக் காணாதவன் வாசலிலேயேதான் நிற்பான். ஆகவே நோயறிதலே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி விடைபெறுகிறேன்.