ஆங்கிலத்தின் சின்னச் சொற்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஆங்கிலத்தில் உள்ள ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி. இங்கிலாந்தில் வேலை செய்யும் எனக்கு அது ஸ்டெதஸ்கோப் போலவே தினமும் தேவைப்படுகிறது.

பிரேசல் வேர்ப் என்று சொல்வார்கள். கம், கோ, புட், கெட், டேக் போன்ற சின்ன வினைச்சொல் ஒன்றின் பின்னால் அப், டவுன், ஒன், ஒஃப், அவுட் என்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் பொருள் மாறிவிடும். லுக் என்றால் பார். லுக் ஆஃப்டர் என்றால் பராமரி. லுக் இன்டு என்றால் விசாரி. லுக் டவுன் ஒன் என்றால் இளக்காரமாக நினை. தொலைபேசியில் ஹாங் ஒன் என்றால் சற்றுப் பொறுங்கள். ஹாங் அப் என்றால் தொடர்பைத் துண்டிப்பது. வால் மாறினால் பொருள் தலைகீழ்.

இது வெள்ளைக்காரருக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை. நாங்களும் “அம்மாவைப் பார்த்துக்கொள்” என்கிறோம். அது பார்ப்பது மட்டுமா? “தம்பிக்கு விட்டுக்கொடு” என்பதில் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ஊரில் ஒருவர் “வயித்தாலை போகுது” என்றால், அகராதியை வைத்துக்கொண்டு எந்த வெளிநாட்டு வைத்தியர் விளங்கிக்கொள்வார்? “அவர் மோசம் போயிட்டார்” என்றால் எங்கே போனார் என்றுதானே கேட்பார்?

சாமுவேல் ஜோன்சன் 1755 இல் தமது புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது, வெளிநாட்டவருக்கு மிகுந்த சிரமம் தருபவை இந்த வினைகள்தான் என்று முன்னுரையில் குறிப்பிட்டார். ஆகவே தடுமாறும் முதல் ஆட்கள் நாங்கள் அல்லர்.

ஆனால் எங்கள் வயதுக்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்கள். மின்சாரம் இல்லை, தொலைக்காட்சி இல்லை, ஆங்கிலம் பேசும் ஆட்களும் அருகில் இல்லை. குப்பி விளக்கில் இலக்கணப் புத்தகத்தை வைத்துத்தான் ஆங்கிலம் படித்தோம். ரீச்சர்மார் அதை அருமையாகவே படிப்பித்தார்கள். செயப்பாட்டு வினையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். பிறகு மருத்துவ பீடத்தில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் இருந்து வந்த நீண்ட சொற்கள் கிடைத்தன. அதனால் எங்களுக்குப் பெரிய சொற்கள் எல்லாம் தெரியும். வீட்டிலும் வீதியிலும் புழங்கும் சின்னச் சொற்களுக்குத்தான் பஞ்சம். அவை காதால் கேட்டு வருபவை. எங்களுக்குக் கேட்கக் கிடைக்கவில்லை.

நோயாளிகளோ சின்னச் சொற்களில்தான் பேசுவார்கள். வாந்தி என்பதற்குப் புத்தகத்தில் உள்ள வொமிட் என்பதை விட்டு த்ரோ அப் என்பார்கள். பிரிங் அப் என்றால் சளியாகவும் இருக்கலாம், சாப்பாடாகவும் இருக்கலாம். எது என்று கேட்டுத்தான் அறிய வேண்டும். முழங்கால் கிவ் வே பண்ணியது என்றால் நடக்கும்போது கால் மடிந்துவிட்டது. முதுகு பிளே அப் பண்ணுகிறது என்றால் பழைய வலி மறுபடி தலைதூக்குகிறது. நெஞ்சுவலி நடக்கும்போது கம்ஸ் ஒன் என்றால் அப்போது தொடங்குகிறது. ஆனால் ஓர் இளம்பெண் நேற்று கம் ஒன் ஆனது என்றால், மாதவிடாய் தொடங்கிவிட்டது என்று பொருள். எங்கள் அம்மாமார் “வீட்டுக்குத் தூரம்” என்று சொன்னது போலத்தான்.

ட்ரொப் ஒஃப் என்பதை எடுங்கள். பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிடுவதும் அதுதான். அசந்து தூங்கிப்போவதும் அதுதான். வாகனம் ஓட்டும் ஒருவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ட்ரொப் ஒஃப் ஆகிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். அது உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்தச் சொல்லைத் தவறவிட்டால் அவர் உயிருக்கும் ஆபத்து, வீதியில் போகிறவருக்கும் ஆபத்து.

எங்கள் நாட்டு ஆங்கிலமும் சில வேளை குழப்பும். நாங்கள் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தால் பாஸ் அவுட் ஆனோம் என்று பெருமையாகச் சொல்வோம். இங்கிலாந்தில் அதைக் கேட்பவர், இந்தப் பிள்ளை மயங்கி விழுந்ததா என்று நினைப்பார். கோப் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கோப் அப் என்று நாங்களாகவே ஒரு வாலையும் ஒட்டிவிடுவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்பவருக்கு என்ன விளங்கும் என்பதை அறிந்து வைத்திருந்தால் போதும்.

மிகவும் கனமான இடம் மரணப்படுக்கை. ஸ்லிப்பிங் அவே என்று தாதி மென்மையாகச் சொல்வார். உயிர் மெல்லப் பிரிகிறது என்பது கருத்து. ஆங்கிலம் குறைவாகத் தெரிந்த எங்கள் ஐயா ஒருவருக்கு, மனைவி வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் அது கேட்கும். புல் த்ரூ என்றால் தப்பிப் பிழைப்பது. அவருக்கு யாரோ எதையோ இழுப்பதாகப் படும். அதனால்தான் இத்தகைய செய்தியைச் சொல்லும்போது சுற்றி வளைக்காமல், இறந்துவிட்டார் என்ற நேரான சொல்லையே பயன்படுத்தும்படி வைத்தியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். வெளிநாட்டில் அம்மா அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் சகோதரிகளே, விளங்காத சொல்லைத் தயங்காமல் நிறுத்திக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளின் தலையில் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள்.

இனி, படிப்பது எப்படி என்று தங்கச்சிமார் கேட்பீர்கள். நூறு சொற்களைப் பட்டியல் போட்டுப் பாடமாக்குவதில் பயன் குறைவு. கெட் என்ற ஒரு சொல்லோடு எல்லா வால்களையும் ஒட்டிப் படித்தால் எல்லாம் ஒன்றாகக் குழம்பும். அதைவிட ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தொலைபேசி, பஸ், வங்கி, வைத்தியசாலை. அந்த இடத்தில் புழங்கும் ஐந்தாறு சொற்களை முழு வசனமாக எழுதிச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். ஒரு விதியையும் நினைவில் வையுங்கள். ஒத்திவை என்பதற்கு புட் ஒஃப். “அதை” என்று சொல்ல வேண்டுமானால் இட் நடுவில் வரும்: புட் இட் ஒஃப். ஆனால் லுக் ஆஃப்டர் பிரியாது: லுக் ஆஃப்டர் ஹிம். எது பிரியும், எது பிரியாது என்பதையும் முழு வசனமாகப் படித்தால் காதே சொல்லிவிடும்.

கடைசியாக, உலகெங்கும் இருக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். பாடசாலைக்குக் கட்டடமும் கணினியும் தந்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. இப்போது நான் கேட்பது காசு இல்லை. கிழமைக்கு அரை மணித்தியாலம். உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தியோடு இணையவழியில் ஆங்கிலத்தில் கதையுங்கள். பாடம் நடத்த வேண்டாம். அன்றைக்கு என்ன சமைத்தீர்கள், பஸ் ஏன் பிந்தியது, மகனுக்கு ஏன் காய்ச்சல் என்று சாதாரணமாகக் கதையுங்கள். எங்களுக்குக் கேட்கக் கிடைக்காத சின்னச் சொற்கள் அவர்கள் காதில் விழட்டும்.

இலக்கணத்தை இந்தப் பாடசாலை நூறு ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறது. கதைக்க ஓர் ஆளை நாங்கள் கொடுப்போம். பெயர் தர விரும்புகிறவர்கள் தேநீர் வேளையில் என்னிடம் வாருங்கள். கொப்பியும் பேனையும் கொண்டுதான் வந்திருக்கிறேன்.