நெல் அவிக்கும் கொதிகலன்

(ஊர் சேர்ந்து அரிசி ஆலை அமைப்பது பற்றி நிகழ்த்திய சொற்பொழிவு)



புழுங்கலரிசிச் சோறு நமக்கு நாள்தோறும் உணவாகிறது. ஆயினும் அந்த நெல்லை அவிக்கும் கொதிகலனைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. ஆலை அமைக்க முற்படும்போது கட்டிடத்தையும் அரவை இயந்திரத்தையும் பல நாள் ஆராய்கிறோம்; கொதிகலனை மட்டும் விலை கேட்டு வாங்கிவிடுகிறோம். இது தவறு. ஆலையின் லாபமும் அங்கு உழைப்போரின் உயிரும் அதனைச் சார்ந்தே நிற்கின்றன.

நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊற வைப்பது பழைய வழக்கம். அதனால் நெல் புளித்து, அரிசியில் துர்நாற்றம் ஏறும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறையில், சுமார் 85 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் நெல்லைக் கொட்டுகிறார்கள். நெல் விழுந்ததும் சூடு 70 டிகிரி அளவில் தணிந்து நிற்கும். மூன்று மூன்றரை மணி நேரத்தில் நெல் ஊறிவிடும். பின்னர் நீராவி செலுத்தி அவிக்கலாம். ஆகவே வெந்நீருக்கும் நீராவிக்கும் பயன்படும் கொதிகலனே நமக்கு வேண்டும்.

அது எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? ஒரு டன் நெல் ஊறச் சுமார் 1,300 லிட்டர் நீர் தேவை. 10 டன்னை ஒரே சமயத்தில் ஊற வைப்பதற்கு 2 மணி நேரத்தில் நீரைச் சூடேற்றுவதானால், மணிக்கு ஏறக்குறைய 650 கிலோ நீராவி வேண்டியிருக்கும். அதே நெல்லை ஐந்து ஐந்து டன்னாக முறை வைத்து ஊறப் போட்டால் பாதியளவுக் கொதிகலன் போதும். எனவே முதலில் வேலை முறையை வகுத்துக்கொண்டு, பிறகு அளவைத் தீர்மானிப்பதே விவேகம்.

எரிபொருளுக்கு நாம் வெளியே செல்ல வேண்டியதில்லை. உமியைத் தனியே பிரிக்கும் ஆலையில் ஒரு டன் நெல்லுக்குச் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். அடுப்பின் வெப்பத்தில் பாதியே பயனாகுமென்று கொண்டாலும், ஊற வைக்கும் நீரைச் சூடாக்க 50 கிலோ போதும். ஆனால் உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். ஆதலால் சாம்பலை எளிதில் வாரவும், குழாய்களைத் துடைக்கவும் வசதியுள்ள அடுப்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். உப்புக் கிணற்று நீரை அப்படியே விட்டால் உட்புறம் சுண்ணாம்புக் காறை படியும். வெப்பம் நீருக்குச் செல்லாமல் இரும்பே காய்ந்து பழுதாகும். நீரைச் சோதித்து, மென்னீராக்கிய பின்னரே செலுத்த வேண்டும். அடியில் தங்கும் வண்டலை நாள்தோறும் திறந்துவிட வேண்டும்.

இனி, உயிரைக் காக்கும் விதிகள். நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிகிறது. அந்த வேகத்திற்குக் கட்டிடமும் தாங்காது. நீர்மட்டக் கண்ணாடியில் நீர் தெரியாவிடில், பதறிப்போய்க் குளிர்ந்த நீரைப் பாய்ச்சலாகாது. உடனே தீயைத் தணிக்க வேண்டும். பாதுகாப்பு வால்வு ஆவியைக் கக்குகிறதென்று அதன்மேல் பாரம் ஏற்றுவதோ, அதனைக் கட்டி வைப்பதோ கொலைக்கு ஒப்பாகும். தகுதிச் சான்று பெற்றவரையே கொதிகலன் பணியில் அமர்த்த வேண்டும்.

பழைய கொதிகலன் மலிவாகக் கிடைக்கிறதென்று எவரேனும் கூறினால், பதிவுப் பத்திரத்தையும் ஆய்வுச் சான்றிதழையும் முதலில் கேட்போமாக. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டில் புதிய கொதிகலன்கள் சட்டம் வந்துள்ளது. பதிவும் ஆய்வும் அதிலும் கட்டாயமே. காலந்தோறும் வரும் ஆய்வாளரை இடையூறாகக் கருதாமல், நம் உயிருக்குத் துணையாகக் கருத வேண்டும்.

நண்பர்களே! ஆலைக்குச் செல்லும்போது அரிசியின் வெண்மையை மட்டும் பார்த்துத் திரும்பாமல், கொதிகலன் அறைக்கும் சென்று சான்றிதழின் தேதியைப் பார்த்து வருவோமாக. ஊர்ப் பணத்தில் அமைந்த ஆலையில் உழைப்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள் அல்லவா?